மூன்று சுழித் தண்ணீர்

டோம்பிவிலியில் பகல் நேரத்தில் குழந்தையை எங்கே விடலாம் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பொய்தான். நன்றாகவே தெரியும். ஆனால் ஒருமுறை எல்லாம் தெரிந்தவள் மாதிரி ஒரு முடிவு எடுத்தேன். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் எழுத நினைப்பது ஹௌஸாபாய் லோண்டேயைப் பற்றி. என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல வழியில்லை, அதுதான் கஷ்டம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. என் மகள் முக்தாவுக்கு ஒரு வயது பத்து மாதம். நான் மும்பை கோட்டைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காலை எட்டு நாலு ரயிலைப் பிடித்தால்தான் கையெழுத்துப் போட முடியும். அதுவரை முக்தாவைப் பார்த்துக்கொண்டவள் என் நாத்தனார் நந்தா. அவளுக்கு நாசிக்கில் வரன் அமைந்தது. வீடே சந்தோஷப்பட்டது. கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இனி முக்தாவை யார் பார்த்துக்கொள்வார்கள்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் தோன்றியது.

முக்தா அப்போது சரியான வாயாடி. குக்கர் கத்தினால் அதற்குப் பதில் சொல்வாள். காக்காயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பாதி வார்த்தை புரியாது, இருந்தாலும் பேச்சு நிற்காது. "இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று என் கணவர் ஸ்ரீரங் கேலி செய்வார். அந்தப் பூட்டை நானே தேடிப் போய் வாங்கி வருவேன் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் பக்கத்தில் அதைப் பாளணாகர் என்போம், தொட்டில் வீடு. ஏதாவது ஒரு பெண்மணி தன் வீட்டிலேயே பத்துப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்வார். எது நல்லது, எது மட்டம் என்ற செய்தியெல்லாம் ரயிலில் பெண்கள் பெட்டியில் கிடைக்கும். வத்சலா போயிர் என்று ஒரு தோழி. மூன்று பிள்ளைகளைத் தொட்டில் வீட்டில் விட்டே வளர்த்தவள். மடியில் பட்டாணி உரித்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாள்.

"உஜ்வலா, ஜன்னல்ல திரை தொங்குதுன்னு மயங்கிடாத. பகல் பதினோரு மணிக்குச் சொல்லாம கொள்ளாம போய் நில்லு. அப்பத்தான் வண்டவாளம் தெரியும்."

"போய் என்னத்தைப் பாக்கறது?"

"புள்ளைங்க சத்தம் போடுதான்னு பாரு. அப்புறம் அந்தம்மா உன்கிட்ட கேள்வி கேக்கறாளான்னு பாரு. அவ்வளவுதான். மத்ததெல்லாம் சும்மா."

எனக்கு அது போதவில்லை. படித்தவள் அல்லவா! ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதினாலு கேள்வி எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போனது காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருந்த சாலில், வரிசையாக ஒற்றை அறைகளும் பொதுக் குழாயும் உள்ள கட்டிடத்தில், ஹௌஸாபாயின் வீட்டுக்கு. வத்சலா சொன்னபடி பதினோரு மணிக்கே போனேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள். ஒன்று அவர் இடுப்பில், ஒன்று அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு, ஒன்று கட்டிலுக்கடியில் ரயில் ஓட்டிக்கொண்டு. முப்பத்தைந்து வயதிருக்கும், கறுத்து மெலிந்த உடம்பு, நெற்றியில் பெரிய குங்குமம். அவரும் பிள்ளைகளுக்குச் சமமாகச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

அறை மூலையில், தரையில், குட்டையான ஒரு மண்பானை. சுற்றிலும் சின்னச் சின்ன எவர்சில்வர் டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கட்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொடிசு தவழ்ந்து வந்து, தன் டம்ளரைப் பானைக்குள் முழங்கை வரை விட்டு மொண்டு, பாதியைக் குடித்துப் பாதியை மார்பில் கொட்டிக்கொண்டது. கடவுளே! எங்கள் வீட்டில் குடிதண்ணீரை மேடை மேல் உயரத்தில் வைப்போம். கை பட்டால் திட்டு விழும்.

நான் நோட்டை எடுப்பதற்குள் ஹௌஸாபாய் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"புள்ள எதுக்குப் பயப்படும் வஹினி? இடிக்கா, நாய்க்கா?" எங்கள் ஊரில் தெரியாத பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அண்ணி என்று.

"மிக்சி சத்தத்துக்கு."

"தூங்கறப்ப எதைப் பிடிச்சுக்கும்? சிலது காதைப் பிடிக்கும், சிலது நம்ம தாலியைப் பிடிக்கும். ஒண்ணுக்குப் போகணும்னா உங்க வீட்ல என்ன சொல்வீங்க? அந்த வார்த்தை எனக்குத் தெரியணும், இல்லேன்னா புள்ள தவிச்சுப்போயிடும்."

என் பதினாலு கேள்வியில் இதில் ஒன்றுகூட இல்லை. அவர் முக்தாவுக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "என்னடி ராணி, வெயில்ல வந்தியா? பானி வேணுமா, பானி?"

"பானி!" என்றாள் முக்தா, ஏதோ பரிசு கிடைத்தவள் போல.

எனக்குக் காது கூசியது.

எங்கள் மராத்தியில் தண்ணீருக்குப் பாணி என்று பெயர். மூன்று சுழி. காட்டிலும் மேட்டிலும் பாடுபடுகிறவர்கள், பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள், பானி என்பார்கள், இரண்டு சுழி. ஒரே ஒரு சுழிதான் வித்தியாசம். அந்த ஒரு சுழியை வைத்து ஒருவரின் ஜாதி, படிப்பு, அவர் வீட்டில் கை நனைக்கலாமா கூடாதா என்பது வரை எங்கள் ஆட்கள் முடிவு கட்டிவிடுவார்கள். இந்திக்காரர் பானி என்றால் ஒன்றும் தோன்றாது. தெருவில் நின்று பானிபூரி தின்போம். மராத்திக்காரர் வாயில் வந்தால் மட்டும் முகம் சுளிப்போம். என் அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் எங்கள் பேச்சில் பிழை திருத்துவார். தப்பாகக் கேட்டால் கேட்டது கிடைக்காது. அப்படி வளர்ந்தவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்ரீரங் கேட்டார், "எப்படி இருக்கு?"

"சந்தைக்கடை. தண்ணிப் பானை தரையில கெடக்கு."

"அந்தம்மா எப்படி?"

"நல்லவங்கதான். ஆனா பானிங்கறாங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏண்டி, நீ அங்க குழந்தையை விடப் போறியா, இலக்கணத்தை விடப் போறியா?"

"சிரிங்க. நாளைக்கு இவ ஸ்கூல்ல போய்ப் பானின்னு சொன்னா, முதல்ல சிரிக்கப்போறது உங்க அக்காதான்."

அவருடைய அக்காவை அவருக்கும் தெரியும்.

மறுநாள் கேத்கர் காகு வீட்டுக்குப் போனேன். காகு என்றால் சித்தி. எங்கள் ஆட்களில் மரியாதையான பெண்களை அப்படிச் சொல்வோம். ஹௌஸாபாயைப் பெரியவர்கள் யாரும் காகு என்று கூப்பிட்டதில்லை. கேத்கர் காகு மூன்றாம் மாடியில் இருந்தார். ஜன்னலில் திரை தொங்கியது. சுவரில் நேர அட்டவணை. பாய் விரித்து ஆறு குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குடிதண்ணீர் வடிகட்டி உயரத்தில், அலமாரி மேல், பளபளவென்று. என் பதினாலு கேள்விக்கும் அவர் பதில் சொன்னார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"எங்கள் வீட்டில் சத்தமே கேட்காது," என்றார் பெருமையாக. அச்சில் வார்த்தது போலப் பேசுவார். "பெற்றோர் மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம். நடுவில் வந்தால் குழந்தைகளின் ஒழுங்கு கெட்டுப்போகும். உங்களுக்கு விசேஷமாக ஏதாவது எதிர்பார்ப்பு உண்டா?"

"உச்சரிப்பு சுத்தமா வரணும் காகு. அது ஒண்ணுதான்," என்றேன்.

பாவி, என் வாயாலேயே சொன்னேன்.

மூன்று மாதத்தில் முக்தா அமைதியாகிவிட்டாள். குக்கர் கத்தினால் திரும்பிப் பார்ப்பதோடு சரி. காக்காய் வந்தால் கையை மட்டும் நீட்டுவாள். உறவுக்காரர்கள் வந்து, "அடேயப்பா, என்ன ஒழுங்கு! எங்க விடற?" என்று கேட்டார்கள். நானும் விலாசம் கொடுத்தேன்! என்னைப் பார்த்து மேலும் இரண்டு பேர் அங்கே சேர்த்தார்கள். ஸ்ரீரங் மட்டும், "இவ ஏன் வாயில விரலை வெச்சுக்கறா?" என்று அடிக்கடி கேட்டார். விரல் சூப்புகிறாளோ என்று நினைத்தேன். இல்லை. ஆள்காட்டி விரலை உதட்டுக்குக் குறுக்கே வைத்துக்கொள்வாள், உஷ் என்று சொல்வது போல. தனக்குத்தானே.

ஐந்தாம் மாதம் காய்ச்சல் வந்தது. ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் உடம்பை முறுக்கிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையிலும் சத்தம் வராது. டாக்டர் பார்த்துவிட்டு, "சிறுநீர்ல கிருமி. இந்தக் குழந்தைக்குத் தண்ணியே குடுக்கறதில்லையாம்மா நீங்க?" என்று அதட்டினார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் நான் ஊட்டும்போது குடிக்கிறாள். அப்படியென்றால் பகலில்?

கேத்கர் காகுவிடம் கேட்டேன். "கேட்டால் கொடுப்போம். அவள் கேட்பதில்லை," என்றார்.

அதற்கும் சமாதானமாகித் திரும்பி வந்தவள் நான். படியிறங்கும்போதுதான் உறைத்தது. காக்காயிடம் பேசிய குழந்தை தண்ணீர் கேட்க மாட்டாளா? மறு வாரம் அலுவலகத்துக்கு லீவு போட்டேன். காலையில் முக்தாவை வழக்கம்போல விட்டுவிட்டு, வத்சலா சொன்னபடி பதினோரு மணிக்குப் போய் நின்றேன். ஐந்து மாதம் தாமதமாக.

வேலைக்காரப் பெண் குப்பை கொட்ட இறங்கியிருந்ததால் கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே முக்தா அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, வடிகட்டியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன வேண்டும்? வாயால் சொல்," என்றார் காகு.

முக்தா, "பா..." என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். அண்ணாந்து தண்ணீரை ஒருமுறை பார்த்தாள். பிறகு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, பேசாமல் போய்ப் பாயில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கேத்கர் காகு அட்டவணையைப் பார்த்து அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

"அவளுக்குத் தண்ணி குடுங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன்.

காகு கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டார். "பானி என்கிறாளே! சரியாகச் சொன்ன அன்றைக்குத் தாராளமாகக் கொடுக்கிறேன். நீங்கள்தானே கேட்டீர்கள், உச்சரிப்பு சுத்தமாக வர வேண்டும் என்று?"

நாக்கை மடித்துச் சொல்லும் அந்த மூன்று சுழி, பல குழந்தைகளுக்கு நான்கு வயதுக்கு மேல்தான் வரும் என்று டாக்டர் பிறகு சொன்னார். எந்த ஜாதிக் குழந்தையானாலும் முதலில் பானிதான். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

முக்தாவைத் தூக்கிக்கொண்டு நேராகச் சந்தைக்குப் பின்னால் போனேன். ஹௌஸாபாய் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஐந்து மாதம் கழித்து வந்த என்னைப் பார்த்து ஒரு குத்தல் பேச்சாவது பேசியிருக்கலாம். பேசவில்லை.

"வாங்க வஹினி. இடமிருக்கு," என்றார். முக்தாவின் உதட்டில் இருந்த விரலைப் பார்த்தார். கொஞ்சவில்லை, பேசச் சொல்லிக் கெஞ்சவில்லை. ஒரு டம்ளரில் மஞ்சள் நூல் கட்டிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். "இது உன்னோடது. யாரையும் கேக்க வேணாம்."

முக்தா அன்று ஆறு டம்ளர் குடித்தாளாம். சட்டையெல்லாம் நனைந்து, சாயங்காலம் வேறொரு குழந்தையின் சட்டையில் இருந்தாள். நான் தயங்கித் தயங்கி, தரையில் ஏன் பானை என்று கேட்டபோதுதான் ஹௌஸாபாய் தன் கதையைச் சொன்னார். சோலாப்பூர்ப் பக்கம் ஒரு வறண்ட ஊர். எழுபத்திரண்டாம் வருஷப் பஞ்சத்தில் ஊரே ரோடு போடும் வேலைக்குக் கல் உடைக்கப் போனது. இவருக்குப் பதினெட்டு வயது. கல்லுடைக்கும் பெண்களின் குழந்தைகளை வேப்பமரத்தடியில் பார்த்துக்கொள்ளும் வேலை.

"லாரியில தண்ணி வரும். ஒரு மேஸ்திரி இருந்தான். கேக்கறவனுக்குத்தான் ஊத்துவேன்னு நிப்பான். கேக்கத் தெரியாத புள்ள என்ன பண்ணும் வஹினி? அன்னிக்கே நெனச்சேன், என் கையில புள்ளைங்க இருந்தா தண்ணி அதுங்க கைக்கு எட்டணும்னு. பானை ஒடையும். ஒடையட்டுமே, வேற வாங்கினா போச்சு!"

நான் அழுக்கு என்று நினைத்த பானை அது.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் நான் வாசலுக்கு வந்தபோது முக்தா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கையில் மஞ்சள் நூல் டம்ளர். தளும்பத் தளும்ப என் முன்னால் நீட்டி, "ஆயி! பானி!" என்று கத்தினாள். அம்மா, தண்ணீர். மாதக்கணக்கில் கேட்காத குரல். அதுவும் தனக்காகக் கேட்கவில்லை. ரயிலில் வந்து களைத்த எனக்குக் கொண்டுவந்திருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டம்ளரை வாங்கினேன். என் வாய் சொன்னது:

"பாணிடா கண்ணு. பாணி."

சத்தியமாக, நான் நினைத்துச் சொல்லவில்லை. அப்பா என் நாக்கில் உட்கார்ந்து சொன்னார் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் நாக்கு என்னுடையதுதானே. முக்தாவின் விரல் மெல்ல உதட்டுக்குப் போனது. ஹௌஸாபாய் நிலைப்படியில் நின்று அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முதல் தடவை நான் ஏன் திரும்பி வரவில்லை என்பது அவருக்கு அந்த நிமிடத்தில் விளங்கிவிட்டது. விளங்கியதை முகத்தில் பார்த்தேன்.

"தப்பா நினைக்காதீங்க ஹௌஸாபாய்," என்று உளறினேன். "புள்ள பக்கத்துல இருக்கு, அப்படியே பிடிச்சுக்கும், அதான்..."

"இதுல என்ன இருக்கு வஹினி. நீங்க படிச்சவங்க," என்றார் அவர்.

அதற்குப் பிறகு என் காதுபட ஹௌஸாபாய் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. நான் வாசலில் நிற்கும்போது ஏதாவது குழந்தை தாகமென்றால், "போ, வாட்டர் குடி," என்பார். ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாதவர். உள்ளே நுழையும் முன் தெருவில் நின்று கேட்டால் பானி பானி என்று வீடே அதிரும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் வாட்டர் ஆகிவிடும். எத்தனையோ தடவை சொல்லிவிட நினைத்தேன், "உங்க வார்த்தையையே சொல்லுங்க, அதுதான் என் குழந்தைக்கு வாயைத் திறந்தது" என்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. நாளைக்குச் சொல்லலாம் என்று வருஷங்கள் போயின.

முக்தா பள்ளிக்கூடம் போகும்வரை அங்கேதான் வளர்ந்தாள். பேச்சு திரும்ப வந்தது, முன்னைவிட அதிகமாகவே. அவளுக்கு மூன்று சுழியும் தானாக வந்தது, நாலரை வயதில், யாரும் சொல்லிக் கொடுக்காமல். ஆனால் இன்றும் என்னிடம் எதையாவது கேட்பதற்கு முன் ஒரு நொடி தயங்கி என் வாயைப் பார்ப்பாள். அவள் கணவனிடம் பேசும்போது அந்தத் தயக்கம் இல்லை. நான் கவனித்திருக்கிறேன்.

ஹௌஸாபாய் முழங்கால் ஒத்துழைத்தவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். வளர்ந்த பிள்ளைகளெல்லாம் தங்கள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை மௌஷிக்குத்தான் வைத்தார்கள். மௌஷி என்றால் சின்னம்மா, அந்தப் பிள்ளைகள்தான் அவரை அப்படிக் கூப்பிட்டன. முக்தாவின் கல்யாணத்துக்கு ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு வந்தார். பந்தியில் ஜிலேபியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பரிமாறுகிற ஆளிடம், "தம்பி, கொஞ்சம் வாட்டர் ஊத்து," என்றார். எதிர்வரிசையில் நான் இருந்தேன்.

போன வருஷம் அவருக்கு உடம்பு முடியவில்லை, நினைவும் தப்பித் தப்பி வருகிறது என்று கேள்விப்பட்டு, பக்கத்து ஊரான கல்யாணில் அவர் மகன் வீட்டுக்குப் போனேன். பிற்பகல் நேரம். மருமகள் கடைக்குப் போவதாகச் சொல்லி, சற்று நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஹௌஸாபாய் கட்டிலில் சின்னப் பிள்ளை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "வஹினி," என்றார். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் பாட்டில் அலமாரி மேல் இருந்தது. அவர் கைக்கு எட்டாத உயரம்.

அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மிகவும் சிரமப்பட்டு, "வாட்டர்," என்றார்.

பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றினேன். தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். "இந்தாங்க ஹௌஸாபாய். பானி. பானி குடிங்க."

டம்ளர் உதட்டில் படும் முன் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது. அறைக்குள் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் இல்லை. என் காதருகே வாயைக் கொண்டுவந்தார்.

"பாணின்னு சொல்லுங்க வஹினி," என்றார். மூன்று சுழியும் பிசகாமல் வந்தது. "புள்ள பக்கத்துல இருக்கு. அப்படியே பிடிச்சுக்கும்."

நான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் தண்ணீரைக் குடித்தார்.